அக்கரைக்கு ஒரு சட்டம், இக்கரைக்கு ஒரு சட்டம்

கண்புரை அறுவை முடிந்து ஒன்றிரண்டு வருடம் கழித்துச் சிலருக்குப் பார்வை மறுபடியும் மங்கும். புரை திரும்ப வந்துவிட்டது என்றே வீட்டில் பேசிக்கொள்வார்கள். எடுத்த புரை திரும்ப வளர்வதில்லை. செயற்கை லென்ஸைத் தாங்கி நிற்கும் மெல்லிய பையின் பின்சுவர் பனி படிந்த கண்ணாடிபோல வெளுத்துப்போகிறது. அதைச் சரிசெய்யக் கத்தி வேண்டியதில்லை. கண் பாப்பாவை விரிக்க ஒரு சொட்டு, மரத்துப்போக ஒரு சொட்டு. பிறகு நோயாளி தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி உட்காருகிறார். யாக் என்ற லேசரின் சிவப்புக் குறிப்புள்ளி பையின் சுவரில் குவிகிறது. மெல்லிய ‘டிக்’, இன்னொரு ‘டிக்’. ஒவ்வொரு துடிப்பும் வெளுத்த சுவரில் சின்னஞ்சிறு துளை போடுகிறது. சில நிமிடங்களில் நடுவில் ஒரு சன்னல் திறந்துவிடும். வலி இல்லை, கட்டு இல்லை, அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். ஆனாலும் குவியம் ஒரு மயிரிழை முன்னால் தள்ளினால் லென்ஸில் தழும்பு விழும். கண்ணின் அழுத்தம் எகிறலாம். அபூர்வமாக விழித்திரை பிரிந்துகொள்வதும் உண்டு.

இந்த வேலையை யார் செய்யலாம்? அமெரிக்காவில் ஓக்லஹோமாவுக்கும் டெக்சாஸுக்கும் நடுவே ரெட் ரிவர் என்ற ஆறு ஓடுகிறது. வடகரையில் 1998 முதல், கண்ணைச் சோதித்துப் பவர் எழுதும் ஆப்டோமெட்ரிஸ்ட்டும் செய்யலாம். தென்கரையில் அவர் அந்த லேசரைத் தொடக் கூடாது. அங்கே அது கண் மருத்துவருக்கு மட்டுமே உரிய வேலை. கண்ணும் ஒன்றுதான், கருவியும் ஒன்றுதான், செய்பவர் படித்த படிப்பும் ஒன்றாகவே இருக்கலாம். ஆற்றைத் தாண்டினால் சட்டம் மாறிவிடுகிறது.

அமெரிக்காவில் கண் தொடர்பான தொழில்கள் மூன்று. கண் மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்றவர்; கல்லூரிக்குப் பிறகு நான்கு ஆண்டு மருத்துவம், அதன் பிறகு நான்கு ஆண்டு பயிற்சி என எட்டு ஆண்டுகள் செலவிட்டவர். ஆப்டோமெட்ரிஸ்ட் மருத்துவக் கல்லூரிக்குப் போனவர் அல்லர். கல்லூரிக்குப் பிறகு நான்கு ஆண்டு ஆப்டோமெட்ரி படித்து ‘டாக்டர்’ பட்டம் வாங்கியவர். கண்ணைச் சோதிப்பவர், பவர் எழுதுபவர், நோயைக் கண்டுபிடிப்பவர். மூன்றாமவர் ஆப்டீஷியன், சீட்டில் எழுதியபடி லென்ஸை வெட்டி பிரேமில் பொருத்தித் தருபவர். இந்த மூவருக்கும் நடுவே கோடு போடும் அதிகாரம் வாஷிங்டனிடம் இல்லை. உரிமம் வழங்குவது ஒவ்வொரு மாநிலத்தின் உரிமை. ஐம்பது மாநிலங்கள் என்றால் ஐம்பது சட்டமன்றங்கள், ஐம்பது வாரியங்கள், ஐம்பது விதமான கோடுகள். ஒரு மாநிலத்து உரிமத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்து மாநிலத்தில் போர்டு மாட்டிவிட முடியாது.

இந்தக் கோட்டின் கதை மூன்று டாலரில் தொடங்குகிறது. 1892-இல் நியூயார்க்கில் சார்லஸ் பிரென்டிஸ் என்ற ஆப்டீஷியன் இருந்தார். சாதாரணக் கடைக்காரர் அல்லர். ஜெர்மனியில் படித்தவர், லென்ஸ் கணிதத்தில் இன்றும் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ‘பிரென்டிஸ் விதி’ அவருடையது. தன்னிடம் வந்த ஒருவரை ஹென்றி நாய்ஸ் என்ற பெயர்பெற்ற கண் மருத்துவரிடம் அனுப்பியபோது, பரிசோதனைக்குத் தான் மூன்று டாலர் வாங்கியதைக் கடிதத்தில் குறிப்பிட்டார். நாய்ஸுக்கு அது பிடிக்கவில்லை. கண்ணாடி விற்றுக் காசு வாங்கலாம். ஆலோசனைக்குக் காசு வாங்குவது மருத்துவரின் உரிமை, அதில் கைவைப்பது சட்டமீறல் என்று பதில் வந்தது. அதன் பின்னர் ரூசா என்ற இன்னொரு மூத்த மருத்துவரும் பிரென்டிஸை எச்சரித்தார். தொழில் நடத்தவே சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று பிரென்டிஸ் முடிவுசெய்தது அப்போதுதான்.

அவருடைய நியூயார்க்கில் சட்டம் வர 1908 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் 1901-இல் மினசோட்டா முந்திக்கொண்டது. ஆப்டோமெட்ரிக்கு உரிமச் சட்டம் போட்ட முதல் மாநிலம் அதுவே. 1903-இல் கலிபோர்னியா வந்தது. 1924-இல் தலைநகர் வாஷிங்டன் கடைசியாகச் சேர்ந்ததும் நாடு முழுக்க ஆப்டோமெட்ரி உரிமம் பெற்ற தொழிலாகிவிட்டது. கால் நூற்றாண்டுக்குள் இது நடந்தது. பையில் கண்ணாடிகளைத் திணித்துக்கொண்டு வீடுவீடாக விற்றுத் திரிந்தவர்களிடமிருந்து மக்களைக் காப்பாற்றுவது அதன் ஒரு நோக்கம். மருத்துவர்களிடமிருந்து தொழிலைக் காப்பாற்றுவது மற்றொரு நோக்கம். இரண்டையும் ஒரே சட்டத்தில் முடிந்துவைத்தார்கள். அந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

உரிமம் கைக்கு வந்ததும், நேற்றுவரை வெளியே நின்று கதவைத் தட்டிய ஆப்டோமெட்ரிஸ்ட்டுகள் உள்ளே நின்று தாழ்ப்பாள் போடத் தொடங்கினார்கள். 1953-இல் ஓக்லஹோமா ஒரு சட்டம் இயற்றியது. ஆப்டோமெட்ரிஸ்ட்டோ கண் மருத்துவரோ எழுதிய சீட்டு இல்லாமல் ஆப்டீஷியன் யாருக்கும் லென்ஸ் பொருத்தக் கூடாது, உடைந்த லென்ஸுக்கு மாற்றும் போட்டுத் தரக் கூடாது. இதன் பொருளைக் கடை மேசையில் வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். ஒருவர் கண்ணாடி கீழே விழுந்து ஒரு பக்கம் உடைந்துவிட்டது. துண்டைக் காகிதத்தில் மடித்துக் கடைக்கு எடுத்துவருகிறார். ஆப்டீஷியனிடம் லென்ஸோமீட்டர் இருக்கிறது. துண்டை அதன் முனையில் வைத்து, சக்கரத்தைத் திருப்பிக் கோடுகள் கூர்மையாகும் இடத்தில் எண்ணைப் படித்தால் பவர் தெரிந்துவிடும். அதே பவரில் புது லென்ஸ் வெட்டிக் கொடுக்கலாம். கண்ணை யாரும் தொட வேண்டியதே இல்லை. சட்டம் அதைத் தடுத்தது. போய்ப் புதிதாகச் சோதனை செய்து சீட்டு வாங்கி வா என்றது. அதே சட்டம் கடை அலமாரியில் தொங்கும் ஆயத்தக் கண்ணாடியை விற்பவர்களைத் தொடவில்லை.

டல்லாஸைச் சேர்ந்த லீ ஆப்டிகல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1955-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஓக்லஹோமா பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வில்லியம் டக்ளஸ். பல நேரங்களில் இந்தச் சட்டம் தேவையற்ற, வீண் செலவு வைக்கும் விதியாக இருக்கலாம் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் நன்மை தீமைகளை எடைபோடுவது சட்டமன்றத்தின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அல்ல என்றார். சட்டமன்றம் ஏதோ ஒரு நியாயத்தை நினைத்திருக்க முடியும் என்றால் போதும். அந்த நியாயம் உண்மையா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ‘வில்லியம்சன் எதிர் லீ ஆப்டிகல்’ என்ற அந்த வழக்கை அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஒரு கண்ணாடித் துண்டிலிருந்து எழுந்த தீர்ப்பு, ஆப்டோமெட்ரியைத் தாண்டி, தொழில்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் அனைத்துக்கும் கேடயமாகிவிட்டது. அன்றிலிருந்து இந்தச் சண்டைகளின் களம் சட்டமன்றத்தின் தாழ்வாரம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் உச்ச நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளவில்லை. அன்றைய அலபாமாவில் ஆப்டோமெட்ரி வாரியத்தில் உட்கார, அந்த மாநிலத் தொழில் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். சங்கத்தில் சேர, சொந்தமாகத் தொழில் நடத்த வேண்டும். நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு இடமில்லை. ஆனால் மாநிலத்து ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் நிறுவன ஊழியர்கள். லீ ஆப்டிகலில் வேலை பார்த்தவர்கள்மீது சங்கம் புகார் கொடுத்தது. அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களே வாரியமாக உட்கார்ந்து அதை விசாரிக்கப் போனார்கள். போட்டிக் கடைக்காரரின் உரிமத்தைப் பறித்தால் அவருடைய வாடிக்கையாளர் யாரிடம் வருவார்? 1973-இல் ‘கிப்சன் எதிர் பெர்ரிஹில்’ தீர்ப்பில், பண ஆதாயம் உள்ள இந்த வாரியம் விசாரிக்கத் தகுதியற்றது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஆறே ஆண்டுகளில், 1979-இல், டெக்சாஸில் வணிகப் பெயர் வைத்து ஆப்டோமெட்ரி தொழில் நடத்தக் கூடாது என்ற தடையை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. டெக்சாஸ் வாரியத்தின் ஆறு இடங்களில் நான்கு, தொழில் சங்கத்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. அதிலும் நீதிமன்றம் குறை காணவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் எண்ணிப் பார்க்கும் ஒருவர் உள்ளே வருகிறார். லீ பென்ஹாம் என்ற பொருளாதார அறிஞர் 1972-இல் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார். சில மாநிலங்கள் கண்ணாடிக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்கின்றன, சில அனுமதிக்கின்றன. இரண்டிலும் கண்ணாடி விலை என்ன? விளம்பரத் தடை விலையை 25 சதவீதத்திலிருந்து 100 சதவீதத்துக்கும் மேல்வரை ஏற்றியிருந்தது என்று அவருடைய கணக்கு காட்டியது. மலிவாகக் கொடுத்தால் தரம் கெடும் என்பது தடைக்குச் சொல்லப்பட்ட நியாயம். 1980-இல் மத்திய வர்த்தக ஆணையம் தன் பங்குக்கு ஆராய்ந்தது. விளம்பரமும் வணிக நிறுவனங்களும் உள்ள ஊர்களில் கண்ணாடி மலிவு. அந்த ஊர்களின் ஒட்டுமொத்தப் பரிசோதனைத் தரம் தடை உள்ள ஊர்களைவிடத் தாழ்ந்திருக்கவில்லை.

இதற்கு முன்பே, 1978-இல் அந்த ஆணையம் போட்ட விதி ஒன்று அமெரிக்க மக்களின் அன்றாடத்தைத் தொட்டது. சோதனை முடிந்ததும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், பவர் சீட்டை நோயாளியின் கையில் கொடுத்துவிட வேண்டும். அதுவரை சீட்டு பரிசோதித்தவரின் அலமாரியிலேயே தங்கிவிடுவது வழக்கம். கண்ணாடியும் அங்கேயே வாங்கியாக வேண்டும். ஒரு துண்டுக் காகிதம் கைமாறியதும் மனிதர்கள் கடை கடையாக விலை கேட்க முடிந்தது. 2003-இல் காண்டாக்ட் லென்ஸுக்கும் அதே உரிமை சட்டமாக வந்தது. 1989-இல் ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போய், வணிக நிறுவனங்களுக்கு எதிரான மாநிலத் தடைகளையே நீக்கப் பார்த்தது. மாநிலத்தின் இறையாண்மையில் கைவைக்க உனக்கு அதிகாரம் இல்லை என்று 1990-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது.

விலைச் சண்டை ஒரு பக்கம் நடக்க, ஆப்டோமெட்ரி தன் உருவத்தையே மாற்றிக்கொண்டிருந்தது. 1968 ஜனவரியில் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தை ஒட்டிய இடத்தில் தொழிலின் சில தலைவர்கள் கூடிப் பேசினார்கள். அதுவரை ‘மருந்து தொடாத தொழில்’ என்பதே ஆப்டோமெட்ரியின் பெருமை. இனி நோயையும் பார்க்கும் தொழிலாக வேண்டும் என்று அந்தக் கூட்டம் முடிவுசெய்தது.

முதல் அடி ஒரு சொட்டு மருந்து. பாப்பா சுருங்கியிருக்கும்போது விழித்திரையைப் பார்ப்பது சாவித்துவாரம் வழியாகக் கூடத்தைப் பார்ப்பதுபோல. நடுப்பகுதி தெரியும், ஓரத்தில் உள்ள கிழிசலோ கட்டியோ தெரியாது. சொட்டு விட்டுப் பாப்பாவை விரித்தால் கதவே திறந்ததுபோல. ஆனால் சொட்டு என்பது மருந்து, மருந்து மருத்துவருக்குரியது. ஆகவே ஆப்டோமெட்ரிஸ்ட் சாவித்துவாரத்தோடு நிற்க வேண்டியிருந்தது. 1971-இல் ரோட் ஐலண்ட் இதை முதலில் மாற்றியது. சோதனைக்கான சொட்டு எல்லா மாநிலங்களிலும் அனுமதி பெற 1989 ஆயிற்று. சிகிச்சை மருந்தை 1976-இல் மேற்கு வர்ஜீனியா முதலில் அனுமதித்தது. 1998-க்குள் எல்லா இடங்களிலும் ஏதோ ஓர் அளவில் வந்துவிட்டது. கண் நீர் அழுத்த நோய்க்கு மருந்து தரும் உரிமை மாசசூசெட்ஸ் ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளுக்கு 2021 ஜனவரியில்தான் கிடைத்தது. அந்த உரிமையைத் தந்த கடைசி மாநிலம் அது. ஒரே நாட்டில், ஒரே மருந்துக்கு, மாநிலத்துக்கு மாநிலம் பல பத்தாண்டு இடைவெளி. அந்த ஆண்டுகளில் மாசசூசெட்ஸ் கண்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைத்ததா, கூடுதல் அலைச்சல் மட்டும்தானா? கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. 

சொட்டு போன வழியிலேயே லேசரும் போனது. ஓக்லஹோமா முதலில் வந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. செரோக்கி மக்களின் தலைநகரான டாலக்குவா என்ற சிற்றூரில் 1979 முதல் ஓர் ஆப்டோமெட்ரி கல்லூரி இயங்குகிறது. அங்குள்ள பழங்குடியினர் மருத்துவமனையில் மாணவர்கள் பயின்றார்கள். கண் மருத்துவர்கள் நகரங்களில் குவிந்திருந்த மாநிலத்தில், ஊரில் இருக்கும் ஆளுக்கே அதிகாரம் கொடுங்கள் என்ற குரலுக்கு வலு இருந்தது. இந்த நியாயம் பொய் அல்ல. வயதானவர் ஒருவர் மகனுடைய ஒரு நாள் சம்பளத்தை விட்டு, கார் பிடித்து, தொலைவில் உள்ள நகரத்துக்குப் போய், சில நிமிட லேசருக்காக நாள் முழுக்கக் காத்திருப்பது எந்த ஊரிலும் சிறிய கஷ்டம் இல்லை.

கண் மருத்துவர்களின் பதிலும் பொய் அல்ல. லேசர் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொள்வது எளிது. எப்போது அழுத்தக் கூடாது, அழுத்திய பின் கோளாறானால் என்ன செய்வது என்பது நூற்றுக்கணக்கான கண்களைப் பார்த்த பின்பே கைவரும். ஆனால் அவர்கள் வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. நான்கு ஆண்டுப் பயிற்சி இல்லாதவர் செய்தால் எத்தனை கண்ணுக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேட்டால், அவர்களிடமும் கணக்கு இல்லை. 1998-இல் சட்டம் வந்தது. ஓக்லஹோமா லேசர் பற்றி உருப்படியான முதல் கணக்கு மருத்துவ இதழில் வெளியானது 2016-இல். இடையில் பதினெட்டு வருடம்.

அந்த ஆய்வு கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஷுவா ஸ்டைன் குழுவினர் 2008 முதல் 2013 வரை ஓக்லஹோமாவில் மெடிகேர் காப்பீட்டில் கண் நீர் அழுத்த லேசர் செய்துகொண்ட முதியவர்களின் பதிவுகளை எடுத்தார்கள். 891 பேர், 1,384 கண்கள். ஆப்டோமெட்ரிஸ்ட் செய்த கண்களில் 35.9 சதவீதத்துக்கு அதே கண்ணில் மறுபடி லேசர் தேவைப்பட்டது. கண் மருத்துவர் செய்தவற்றில் அது 15.1 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். பார்த்தவுடன் தீர்ப்பு எழுதிவிடத் தோன்றும் எண்.

ஆப்டோமெட்ரிஸ்ட்டுகள் சொன்ன விளக்கத்தையும் கேட்க வேண்டும். கண்ணுக்குள் நீர் வடியும் வலைத்திசு கருவிழியின் ஓரத்தில் வட்டமாக ஓடுகிறது. முழு வட்டத்துக்கும் ஒரே அமர்வில் லேசர் கொடுத்தால் அழுத்தம் திடீரென ஏறும் ஆபத்து உண்டு. அதனால் முதலில் அரை வட்டம், சில வாரம் பொறுத்து மீதி அரை வட்டம் என்றே தங்களுக்குக் கற்றுத்தரப்பட்டது. இரண்டாம் முறை வந்தது முதல் முறை தோற்றதால் அல்ல, முதலிலேயே அப்படித் திட்டமிட்டதால் என்றார்கள். யார் சொல்வது சரி? காப்பீட்டுப் பதிவில் எத்தனை முறை பில் போட்டார்கள் என்பது இருக்கும். லேசருக்கு முன் அழுத்தம் எவ்வளவு, பின் எவ்வளவு, பார்வை எப்படி என்பது இருக்காது. திட்டமிட்ட இரண்டாம் அமர்வா, தோற்றுப்போய் வந்த இரண்டாம் அமர்வா என்பதைப் பில்லில் படிக்க முடியாது. 1998 சட்டத்தோடு சேர்த்து, ஒவ்வொரு லேசருக்கும் முன்னும் பின்னும் நான்கு எண்ணை எழுதி ஓரிடத்தில் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்திருந்தால், 2016-இல் இந்தச் சண்டைக்கே இடமிருந்திருக்காது. இரு தொழில்களும் ஒன்றையொன்று குற்றம் சாட்டுவதில் காட்டிய வேகத்தை அந்த ஒரு வரிக்குக் காட்டவில்லை. கோட்டை நகர்த்தியது தவறா என்பதைவிட, நகர்த்திய பின் கண்களுக்கு என்ன ஆனது என்று பார்க்க ஆளில்லாமல் விட்டதே பெரிய தவறு.

கணக்கு இல்லாத இடத்தில் பணமும் சாமர்த்தியமும் பேசும். 2011 பிப்ரவரியில் கென்டக்கியில் லேசர் மசோதா தாக்கலாகி, இரு அவைகளிலும் நிறைவேறி, ஆளுநர் ஸ்டீவ் பெஷியர் கையெழுத்திடும்வரை மூன்று வாரம்கூட ஆகவில்லை. மாநிலத்தின் 138 சட்டமன்ற உறுப்பினர்களில் 137 பேர் ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளிடமிருந்து தேர்தல் நன்கொடை பெற்றிருந்ததை அப்போது செய்தித்தாள்கள் எடுத்துக்காட்டின. ஆர்கன்சாஸில் 2019-இல் சட்டம் வந்தபோது எதிர்த்தவர்கள் மக்கள் வாக்கெடுப்புக்குக் கையெழுத்துத் திரட்டினார்கள். கையெழுத்து வாங்கப் போன கூலியாட்களின் பின்னணிச் சோதனைச் சான்றிதழில் வாசகம் சரியில்லை என்ற காரணத்துக்காக 2020-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் அந்த முயற்சி விழுந்தது. மக்கள் வாக்கை யாரும் எண்ணவே இல்லை. கலிபோர்னியாவில் 2022-இல் சட்டமன்றம் நிறைவேற்றியதை ஆளுநர் கேவின் நியூசம் பயிற்சி போதாது என்று திருப்பி அனுப்பினார். அதே ஆண்டு வர்ஜீனியாவும் கொலராடோவும் லேசரை அனுமதித்தன. இன்று பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அனுமதி உண்டு. வர்ஜீனியா, நேர்ந்த தீங்குகளை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சட்டம் போட்டது. ஓக்லஹோமாவுக்கு இருபத்துநான்கு வருடம் கழித்து வந்த வரி அது.

இந்தியாவில் கோடு போடும் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. சென்னையில் சங்கர நேத்ராலயா 1985-இல் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியைத் தொடங்கி நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தந்தது. ஆனால் படித்து வெளியே வந்தவர்களைப் பதிவுசெய்ய நாட்டில் சட்டப்படியான வாரியம் இருக்கவில்லை. நான்கு வருடம் படித்தவரும், கடையில் ஆறு மாதம் நின்று கற்றவரும் சட்டத்தின் கண்ணில் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தார்கள். 2021 மார்ச்சில் நிறைவேறிய துணை மற்றும் உடல்நலத் தொழில்முறையாளர் தேசிய ஆணையச் சட்டம் இதை மாற்றுகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களைப் பத்து வகைகளாகப் பிரித்த அந்தச் சட்டத்தில் ஆப்டோமெட்ரிஸ்ட்டும் உண்டு. மத்தியில் ஆணையம், மாநிலத்துக்கு ஒரு கவுன்சில், ஒவ்வொருவருக்கும் பதிவு. உடல்நலத் தொழில்முறையாளர் எனப்படுவதற்குக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும் என்று அது வரையறுக்கிறது.

அமெரிக்காவிடம் கற்க வேண்டியது நிறைய. ஆனால் எண்ணிப் பார்க்கும் பழக்கத்துக்கு வெளியே தேட வேண்டியதில்லை. மதுரையில் 1976-இல் பதினொரு படுக்கையோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, பவர் பார்ப்பது, அழுத்தம் அளப்பது, அறுவைக்குத் தயார்செய்வது என மருத்துவர் செய்துவந்த பல வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்தது. வேலையைப் பிரித்துக் கொடுத்த அதே மருத்துவமனை, அறுவைக்குப் பின் யாருடைய நோயாளிக்கு என்ன சிக்கல் வந்தது என்பதையும் தொடர்ந்து பதிந்துவந்தது. ஊர்ப்புறப் பார்வை மையத்தில் பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதித்துப் படத்தை அனுப்ப, மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் அதைப் பார்த்து நோயாளியிடம் நேரே பேசுகிறார். தொலைவு குறைந்தது; பொறுப்பு யாருடையது என்பதும் தெளிவாக இருந்தது. ஓக்லஹோமா ஆற்றங்கரையில் எதிரெதிராக நிறுத்தப்பட்ட இரண்டு நியாயங்கள் இங்கே ஒரே அறையில் உட்கார்ந்திருக்கின்றன.

மாநிலக் கவுன்சில்கள் விதி எழுதும்போது யார் உட்காருவார்கள் என்பது முக்கியம். அலபாமாவில் நடந்ததைப்போலத் தொழில் போட்டியாளரே நீதிபதியாகவும் ஆகிவிட்டால், பதிவு என்பது தாழ்ப்பாளுக்கு இன்னொரு பெயராகிவிடும். கடையில் பல வருடமாக நேர்மையாகப் பவர் பார்த்துவந்தவரை ஒரே நாளில் வெளியே தள்ளாமல், தேர்வு எழுதி உள்ளே வர ஒரு வழி வேண்டும். சோதனையில் கண் நீர் அழுத்த நோயின் சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் அனுப்பியே ஆக வேண்டும் என்பதும், அனுப்பியதற்கு எழுத்தில் சான்று இருக்க வேண்டும் என்பதும் விதியில் வேண்டும்.

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு கண்ணாடிக் கடையில் நுழைந்தால் முதலில் கம்ப்யூட்டர் டெஸ்ட். தாடையை வைத்ததும் உள்ளே நீண்ட சாலை, அதன் கோடியில் ஒரு வண்ண பலூன், மங்கித் தெளியும். பிறகு இருட்டறையில் கனத்த சோதனை பிரேமை மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா என்று கேட்பார்கள். பத்து நிமிடத்தில் சீட்டு கைக்கு வரும். கடைப்பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். வலது கண், இடது கண், தூரப் பார்வை, கிட்டப் பார்வை, அச்சுக் கோணம், இரு பாப்பாக்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, எல்லாம் கட்டம் கட்டி எழுதியிருக்கும். கண்ணைப் பார்த்தவரின் பெயரும் படிப்பும் பல சீட்டுகளில் இருக்காது. புதிய சட்டத்தின்படி அவருக்கு ஒரு பதிவு எண் கிடைக்கும். அதைச் சீட்டின் எந்த மூலையில் எழுத வேண்டும், எழுதாவிட்டால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை மாநிலக் கவுன்சில்தான் சொல்ல வேண்டும்.